உள்தாழ்ப்பாள்

வாங்க ஆசாரி, வாங்க. செருப்பை உள்ள விடுங்க, வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். போன மாசம் ஒரு ஜோடி போச்சு. நாய்தான் தூக்குச்சுன்னு எதிர்வீட்டுக்காரர் சொல்றாரு. அவர் சொல்றாரு, நான் கேட்டுக்கிட்டேன். உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், இதுல உக்காருங்க, இங்க இருந்து பாத்தாத்தான் அந்தக் கதவு தெரியும். கொஞ்சம் மெல்லப் பேசுவோம். உள்ள இருக்கா.

யாரா? என் வீட்டுக்காரிதான், மங்கையர்க்கரசி. இப்ப மணி என்ன, பதினொண்ணாகப் போகுதா? பத்தரைக்கு உள்ள போனா. இனிப் பன்னெண்டுக்குத்தான் வெளிய வருவா. இருபத்திரண்டு நாளா இதே கதைதான். நான் நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன்.

உங்களை எதுக்குச் சாத்தூர்ல இருந்து வரச்சொன்னேன்னு யோசிப்பீங்க. அருப்புக்கோட்டையில ஆசாரிக்கா பஞ்சம்? பஞ்சமெல்லாம் இல்ல. ஆனா இங்க இருக்கிறவங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சான். ஒருத்தன் செஞ்ச வேலையை இன்னொருத்தன் குத்தம்னு சொல்ல மாட்டான். நீங்க வெளியூரு. இங்க சோலையப்பன்னு ஒரு ஆசாரி, உங்களுக்குத் தெரியாதே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கல்யாணம் காட்சியில பாத்துப் பேசினதுகூட இல்லையா? சரி. நம்புறேன்.

வேலை சின்ன வேலை. அந்தக் கதவுல உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கு. அதைக் கழட்டணும், அவ்வளவுதான். ஆனா எதுக்குன்னு தெரியாம நீங்க கைவைக்கக் கூடாது. நான் சர்வீஸ்ல இருந்தப்பவும் அப்படித்தான், காரணம் சொல்லாம எவன் தராசையும் தூக்கினதில்ல.

ஆமா, தராசுதான். நான் முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். படிக்கல்லு, தராசு, பால்காரன் லிட்டர், ஜவுளிக்கடை மீட்டர் கம்பி, எல்லாம் நம்மகிட்ட வந்துதான் முத்திரை வாங்கணும். நான் பஜாருக்குள்ள நுழைஞ்சா இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் தகவல் போயிரும். தட்டுக்கு அடியில புளியை உருட்டி ஒட்டி வச்சிருப்பான். நான் தட்டைத் திருப்பிப் பாக்க மாட்டேன், அவன் மூஞ்சியைப் பாப்பேன். மூஞ்சியிலயே புளி தெரியும். வீட்டுலயும் அதே கண்ணுதான். அதுக்கு நான் என்ன பண்றது, அந்தக் கண்ணைக் கழட்டி ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டா வர முடியும்?

இந்த வீடு கட்டி முப்பத்தோரு வருஷம் ஆச்சு. அப்ப என் பொண்ணு தேன்மொழிக்கு ரெண்டு வயசு. காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை இடிச்சாங்க. போய்ப் பாத்தா பர்மா தேக்கு நிலை, கருகருன்னு, தட்டினா வெண்கலம் கணக்காச் சத்தம். கதவையெல்லாம் எவனோ ஓட்டல்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். நிலை மட்டும் மிச்சம். நாலு நிலை எடுத்தேன். நாலும் நாலு அளவு. ஒண்ணு ஆறேகால் அடி, ஒண்ணு அஞ்சே முக்கால், ஒண்ணு அகலம், ஒண்ணு ஒடுக்கம். கொத்தனார் தலையில அடிச்சுக்கிட்டாரு. "சார், இதுக்கு எந்தக் கடையிலயும் கதவு கிடைக்காது சார்"ன்னாரு. எனக்கு அப்பவே அவர் மேல சந்தேகம், அவருக்குத் தெரிஞ்ச மரக்கடையில நிலை வாங்கலைங்கிற கோபமோன்னு. "நீ வைய்யா, கதவை நான் பாத்துக்கறேன்"ன்னு வைக்கச் சொல்லிட்டேன்.

வாசலுக்கும் கொல்லைக்கும் கதவு செஞ்சு போட்டாச்சு. உள்ள ரெண்டு நிலை. அந்தா அது உள்ரூம், இந்தப் பக்கம் திரை தொங்குது பாருங்க, இது சின்ன ரூம். ரெண்டுக்கும் அப்ப கதவு போடல, திரைதான். அப்புறம் போடலாம்னு இருந்தது. அப்புறம் நானே வேண்டாம்னு விட்டுட்டேன். குடும்பத்துக்குள்ள கதவு எதுக்கு ஆசாரி? நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு? பாத்ரூமுக்குக் கதவு இருக்கு, அது போதாதா? திரை போட்ட வீட்டுல ஒரு வசதி, நாம நடந்துகிட்டே இருக்கலாம். எங்கயும் நிக்க வேண்டியதில்ல. நான் பாட்டுக்கு இந்த ரூம்ல நுழைஞ்சு அந்த ரூம்ல வருவேன். யாரு என்ன பண்றாங்க, பிள்ளை படிக்குதா, கதைப் புஸ்தகத்தைப் பாடப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருக்கா, எல்லாம் ஒரு நடையில தெரிஞ்சிரும். ஒரு தடவை தேன்மொழி டைரி எழுதினா. படிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தப்பா இல்ல, நல்ல பிள்ளை. ஆனா மறுநாள்ல இருந்து எழுதுறதை நிறுத்திட்டா. அதான் எனக்குப் பிடிபடல. தப்பா எழுதலைன்னா நிறுத்துவானேன்?

பெரிய மனுஷியானதுக்கப்புறம் பீரோக் கதவைத் திறந்து வச்சு, அதுக்கும் சுவத்துக்கும் நடுவுல நின்னுதான் துணி மாத்துவா. கெட்டிக்காரப் பொண்ணு, யாரும் சொல்லிக்கொடுக்கல. அவ அம்மாவும் அப்படித்தான். அப்படியே முப்பத்தோரு வருஷம் ஓடிப்போச்சு. ஒருத்தரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல.

இப்பத்தான் ஆரம்பிச்சுது.

தேன்மொழியைக் கோயம்புத்தூர்ல கொடுத்திருக்கு. கைக்குழந்தை, எட்டு மாசம். சித்திரையில வந்தா. வந்தவ ஒரு வாரம் இருப்பான்னு பாத்தா, அன்னைக்குச் சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜ்ல ரூம் போட்டுட்டா. சொந்த ஊர்ல அப்பன் வீடு இருக்கு, பொண்ணு லாட்ஜ்ல தங்குறா. தெருவுல நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது? மாப்பிள்ளை பழக்கிவிட்ட ஏசி மோகம்னு நினைச்சுக்கிட்டேன். அன்னைக்கு மத்தியானம் ஒண்ணும் நடக்கல ஆசாரி. புள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருந்தா சின்ன ரூம்ல. கத்தரிக்கோலைக் காணோம்னு நான் உள்ள போனேன். எடுத்துட்டு வந்துட்டேன். அப்புறம் அது நம்ம கத்தரிக்கோல் இல்லையோன்னு சந்தேகம், நம்மளுது கைப்பிடி கறுப்பு, அதனால இன்னொரு தடவை போனேன். அவ்வளவுதான். நான் என்ன அந்நியனா? பெத்த அப்பன்.

அவ ஊருக்குப் போன மறுநாள் மங்கை என் முன்னாடி வந்து நின்னா. "உள்ரூமுக்கும் சின்ன ரூமுக்கும் கதவு போடணும்"ங்குறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அவ இத்தனை வருஷத்துல எதையும் போடணும்னு சொன்னவளே இல்ல. போடலாமான்னு கேப்பா. நான் வேண்டாம்பேன். அதோட சரி. இப்ப போடணும்ங்குறா. "யாரு சொல்லிக்கொடுத்தா?"ன்னு கேட்டேன். "யாரும் சொல்லிக்கொடுக்கல. புள்ளைக்குப் பால் கொடுக்க அவ எங்க போவா?"ன்னா. அடுத்த தடவையும் லாட்ஜுக்குத்தான் போவாளாம், அதுக்கடுத்த தடவை வரவே மாட்டாளாம். அதையும் ஒரு மாதிரி நிதானமாச் சொன்னா. எனக்கு அந்த நிதானம்தான் பிடிக்கல. புளி ஒட்டின கடைக்காரனும் நிதானமாத்தான் பேசுவான்.

சரி, போட்டுத் தொலைப்போம்னு ஒத்துக்கிட்டேன். ரெடிமேட் கதவுதான் இப்ப எல்லாரும் போடுறாங்க. கடைக்காரன், "ஸ்டாக்குல இருக்கிறதெல்லாம் ஆறரை அடி, ஏழடி. உங்க நிலைக்கு ஃபேக்டரியில சொல்லிச் செஞ்சு தர்றோம். அளவு கொடுங்க"ன்னான். அளவுதானே? அளவுல என்னை அடிச்சுக்க ஆள் உண்டா? என்கிட்ட ஸ்டீல் டேப் இருக்கு, முத்திரை போட்டது. சின்ன ரூம் நிலைக்கு நடுவுல வச்சு ஒரு தடவை அளந்தேன். முப்பத்திமூணு இஞ்ச். உயரம் ஒரு தடவை. உள்ரூமுக்கும் அதே மாதிரி. எழுதி வச்சேன், முடிஞ்சுது.

அப்பத்தான் இந்தச் சோலையப்பன் உள்ள வர்றான். கடைக்காரன் அனுப்பின ஆளு. நம்மளைவிட ரெண்டு மூணு வயசு மூப்பு இருக்கும். வந்தவன் நிலையைத் தடவித் தடவிப் பாக்குறான். அப்புறம் அளக்குறான். மேல ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, கீழ ஒரு தடவை. இந்தப் பக்கத்து உயரம், அந்தப் பக்கத்து உயரம். அதோட விட்டானா, மூலைக்கு மூலை குறுக்கால ஒரு அளவு, இன்னொரு மூலைக்கு ஒரு அளவு. ஒரு கதவுக்கு ஏழு அளவு! "எதுக்குய்யா இத்தனை?"ன்னேன். "பழைய நிலைங்க ஐயா. பாத்தா நேராத் தெரியும், ஆனா இருக்காது. மேல முப்பத்திமூணரை, கீழ முப்பத்திரண்டரை. இடிச்சு எடுக்கும்போதே கோணிருக்கும்"ங்குறான். முப்பத்தோரு வருஷமா நான் தினம் நுழைஞ்சு வர்ற நிலை. எனக்குத் தெரியாத கோணல் வந்த அஞ்சு நிமிஷத்துல அவனுக்குத் தெரியுதாம்.

நான் அவன் டேப்பை வாங்கிப் பாத்தேன். என்ன கண்டுபிடிச்சேன்னு நினைக்கிறீங்க? முதல் இஞ்சைக் காணோம்! நுனி ஒடிஞ்சு போயிருக்கு. கையும் களவுமா மாட்டினான். "இது என்னய்யா?"ன்னேன். கொஞ்சம்கூடப் பதறல. "ஒடிஞ்சு நாலு வருஷமாச்சுங்க. ஒண்ணாம் கோட்டுல வச்சு அளந்துட்டு, வர்றதுல ஒண்ணைக் கழிச்சுக்குவேன்"ங்குறான். நீங்களும் அப்படித்தான் பண்ணுவீங்களா? ஓ. எல்லா ஆசாரியுமா? அது எனக்குத் தெரியாது. சர்வீஸ்ல இருந்தா அங்கேயே மகஜர் எழுதியிருப்பேன். அப்பவும் விடல, டேப்பைப் பறிமுதல் பண்ணிப் பரண்ல போட்டுட்டேன். "என் டேப்பு, என் அளவு. அதுபடி வெட்டினாப் போதும்"னுட்டேன். "இருந்தாலும் ஆர்டர்ல ஒரு இஞ்ச் கூடச் சொல்லி வைங்க ஐயா, இழைச்சுக்கலாம்"ன்னு மட்டும் சொன்னான். அந்த ஒரு இஞ்ச்சுல அவனுக்கு என்ன லாபம்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ஒண்ணும் பிடிபடல. சரின்னு கூடத்தான் கொடுத்தேன்.

இன்னொண்ணு சொல்லணும், விட்டுட்டேனே. அந்த ஆளுக்கு ஒரு பழக்கம். உள்ரூம்ல மங்கை இருந்தான்னா சட்டுன்னு போக மாட்டான். திரைதான் தொங்குது, கதவுகூட இல்ல. அதுக்கே நிலையில ரெண்டு விரலால தட்டுவான். "அம்மா, வரலாமா?" அவ "வாங்கண்ணே"ன்னு சொன்ன பிறகுதான் திரையை விலக்குவான். ஒரு நாளா ரெண்டு நாளா, வந்த நாள் பூரா அப்படித்தான். என்ன நடிப்பு பாருங்க! நான் ஊர்ல எத்தனை நடிப்பைப் பாத்திருக்கேன். மங்கைக்கு அதுல ஒரே பூரிப்பு. அவனுக்குக் காப்பி டம்ளர்ல போகும்போது நுரையைப் பாக்கணுமே. நமக்கு அந்த நுரை வராது.

கதவு வந்துச்சு. முதல்ல சின்ன ரூம். என் அளவுப்படி நேரா வெட்டச் சொன்னேன். வெட்டினான். தூக்கி வச்சா, கீழ முட்டுது, மேல விரல் போற சந்து. "ஐயா, நிலை எப்படிக் கோணியிருக்கோ அப்படியே கதவையும் கோண விட்டு இழைக்கணுங்க"ன்னான். கதவுன்னா நாலு மூலையும் மட்டமா இருக்கணும் ஆசாரி! கோணல் நிலைக்குக் கோணலாவே கதவு செஞ்சா அது கதவா? "நேரா இன்னும் கொஞ்சம் இழை"ன்னேன். இழைச்சான். அப்பவும் முட்டுது. "இன்னும் இழை." அவன் இழைப்புளியைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தான். "இதுக்கு மேல இழைச்சா உள்ள பொந்து தெரியுங்க ஐயா. ஓரத்துல ஒண்ணரை இஞ்ச்தான் கெட்டி மரம்." நான் நம்பல. இழைக்கச் சொன்னேன். இழைச்சான்.

பொந்து தெரிஞ்சுது. உள்ள வெறும் அட்டை. தேன்கூடு மாதிரி. கதவுன்னு பேரு, உள்ள காலி! அந்தக் கடைக்காரனைச் சும்மா விடக் கூடாது, அது வேற கதை. அந்தக் கதவு அந்தா நிக்குது பாருங்க சுவத்துல சாஞ்சுக்கிட்டு. ஒண்ணுக்கும் ஆகாது. யார் தப்புன்னு நீங்களே சொல்லுங்க. நான் கொடுத்தது முத்திரை போட்ட டேப்போட அளவு. வெட்டினது அவன் கை. என்ன சிரிக்கிறீங்க? இருமலா? சரி, தண்ணி குடிங்க.

அதுக்கப்புறம்தான் விஷயம் மோசமாச்சு. அவனும் மங்கையும் குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சாங்க. நான் வந்தா நிப்பாட்டிருவாங்க. ஒரு நாள் கொல்லையில இருந்து கேட்டேன், "உள்பக்கமா"ங்குற ஒரு வார்த்தைதான் காதுல விழுந்துச்சு. என்ன உள்பக்கம்? யாருக்கு உள்பக்கம்? அன்னைக்கே நோட்டுப் போட்டேன். வந்த நேரம், போன நேரம், எத்தனை காப்பி.

அந்த வாரம் எனக்குப் பென்ஷன் நேர்காணல். நான் உயிரோட இருக்கேனான்னு கருவூலத்துல போய் மூஞ்சியைக் காட்டணும். காலையில போனவன் கூட்டத்துல மாட்டி ரெண்டு மணிக்குத்தான் திரும்பினேன். வந்து பாத்தா உள்ரூமுக்குக் கதவு போட்டாச்சு! என் அளவைத் தொடவே இல்ல. மங்கை பரண்ல ஏறி அந்த ஒடிஞ்ச டேப்பை எடுத்துக் கொடுத்திருக்கா. முட்டிவலின்னு மாடிப்படி ஏற மாட்டா, பரண்ல ஏறியிருக்கா. அவன் ஏழு அளவும் எடுத்து, கோணலுக்குக் கோணலா இழைச்சு மாட்டிட்டுப் போயிட்டான். நான் மூலைமட்டம் வச்சுப் பாத்தேன். சத்தியமாச் சொல்றேன், அது கோணல் கதவு. ஆனா சாத்தினா ஒரு நூல் சந்து இல்ல. காத்துகூடப் போகாது. எப்படின்னு எனக்கு இன்னும் விளங்கல. குருட்டு அதிர்ஷ்டம்னு வச்சுக்குவோம்.

வெளிப்பக்கம் பாத்தேன். கைப்பிடி ஒண்ணு. பூட்டு இல்ல, கொண்டி இல்ல. உள்பக்கம் பாத்தேன். பித்தளைத் தாழ்ப்பாள், கட்டைவிரல் தண்டி. அப்பத்தான் எனக்கு அந்த 'உள்பக்கமா' புரிஞ்சுது. சோலையப்பனை டீக்கடையில வச்சுப் பிடிச்சேன். "யாரைக் கேட்டுப் போட்டே?"ன்னேன். "அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க ஐயா. வெளிய இருந்து திறக்க முடியாத மாதிரி ஒரு தாழ்ப்பாள் போடுங்கண்ணேன்னாங்க. வேற எந்த வீட்டுலயும் இதைப் போய் யாரும் என்கிட்டக் கேட்டதில்லைங்க. எல்லா வீட்டுலயும் இருக்கும்"னு சொன்னான். சொல்லிட்டு டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். குத்தமுள்ளவன் அப்படித்தான் போவான்.

அன்னையில இருந்து பத்தரைக்கு உள்ள போறா. 'டக்'குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இங்க விழுதுங்க, நெஞ்சுக்குழியில. நான் ஹால்ல உக்காந்து பேப்பர் பாக்குற மாதிரி இருப்பேன். காதைக் கிட்ட வச்சும் பாத்தேன், பொய் சொல்வானேன். ஒண்ணும் கேக்கல. போன்ல பேசுறாளோன்னா, போனை டிவி மேல வச்சுட்டுத்தான் போறா. நகையை எண்ணுறாளோன்னா, நகை பேங்க்ல இருக்கு. அவ வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனப்ப ரூமைச் சோதனை போட்டேன். முறையா, இடது மூலையில இருந்து ஆரம்பிச்சு. கட்டில், தலகாணி, அவ சேலைப் பெட்டி, ஒரு பாய், ஜன்னல்ல ஒரு சொம்புத் தண்ணி. பாயைத் தூக்கிப் பாத்தேன். தலகாணி உறையைக் கழட்டிப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல ஆசாரி. அதுதான் எனக்குச் சந்தேகமே. ஏதாவது இருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன்.

நேராவே கேட்டேன். "உள்ள என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா இருக்கேன்."

"சும்மா இருக்கிறதுக்குக் கதவு எதுக்கு?"

கோபமெல்லாம் இல்ல. "சும்மா இருக்கத்தாங்க கதவு வேணும்"னுட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டா. இது ஒரு பதிலா? நானும்தான் நாள் பூரா சும்மா இருக்கேன், நான் எந்தக் கதவைச் சாத்தினேன்?

ஒரு மாற்றம் மட்டும் கவனிச்சேன். பன்னெண்டு மணிக்கு வெளிய வரும்போது மூஞ்சி தெளிவா இருக்கு. கழுவி விட்ட மாதிரி. ஒரு நாள் ஏதோ முணுமுணுன்னு பாடிக்கிட்டே அடுப்படிக்குப் போனா. அவ பாடுவாங்கிறதே எனக்குத் தெரியாது. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம். ஒரு நெல்லு எடை குறைஞ்சாச் சொல்லிருவேன் நான், இது எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு? யாரு சொல்லிக்கொடுத்த பாட்டு? எப்பக் கத்துக்கிட்டா? கேட்டா, சின்னப் பிள்ளையில இருந்தே பாடுவேன்ங்குறா.

இப்ப நேத்து என்னன்னா தேன்மொழி போன் பண்ணினா. என்கிட்ட இல்ல, அவ அம்மாகிட்ட. வெள்ளிக்கிழமை வர்றாளாம். பத்து நாள் இருக்கப் போறாளாம். லாட்ஜெல்லாம் வேண்டாமாம், இங்கேயே, அவ அம்மாகூட உள்ரூம்லயே தங்கிக்குவாளாம். நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி தங்காதவளுக்கு எப்படித் திடீர்னு மனசு மாறுச்சு? யாரு மாத்தினா? இதுலயும் ஏதோ இருக்கு. அம்மாவும் பொண்ணும் பேரப்பிள்ளையும் அந்தக் கதவுக்குப் பின்னாடி போயிட்டா, நான் பத்து நாளும் இந்த நாற்காலியில உக்காந்து தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா? அதான், அவ வர்றதுக்கு முன்னாடி கழட்டிரலாம்னு உங்களை வரச்சொன்னேன். கதவு இருந்துட்டுப் போகட்டும், நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல. தாழ்ப்பாள் மட்டும்தான்.

என்ன கேக்குறீங்க? தாழ்ப்பாள் போனா பொண்ணு தங்குவாளான்னா? அது எப்படி... அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஏசி மோகம்னு சொன்னேனே. இல்லையா? நீங்க என்ன சோலையப்பன் மாதிரியே பாக்குறீங்க? நிஜமாவே அவனை உங்களுக்குத் தெரியாதா?

சரி சரி, திருப்புளியை எடுத்துட்டீங்களா. நல்லது. என்ன? திருகாணியெல்லாம் உள்பக்கம் இருக்கா? ஆமா, தாழ்ப்பாள் உள்ளதானே இருக்கு. அப்ப அவ திறந்தாத்தான் கழட்ட முடியுமா? அடடா. அதை யோசிக்கல நான். பன்னெண்டு வரைக்கும் இருக்கலாமே? சாத்தூர் பஸ்ஸு பதினொண்ணே முக்காலா? அதை விட்டா மூணு மணியா?

அப்ப நீங்க தட்டுங்களேன். நானா? என் வீட்டுக் கதவை நான் தட்டுறதா? நல்லா இருக்கே. கூப்பிட்டுப் பாக்கவா? கூப்பிட்டா 'வர்றேன்'ம்பா, வர மாட்டா, அதையும் பாத்தாச்சு. வீட்டுக்காரர் நீங்கதான் தட்டணும்ங்குறீங்க. சரி. தட்டுறேன். இதுல என்ன இருக்கு.

எத்தனை தடவை தட்டணும்? ரெண்டா, மூணா? இல்ல, கேக்குறேன். பழக்கமில்ல. அவன் ரெண்டு விரலால தட்டுவான். இப்படியா? சிரிக்காதீங்க. இருங்க.

கேட்டுச்சா? ஏதோ சொன்னா. என்ன சொன்னா? எனக்குச் சரியாக் கேட்டுச்சு, ஆனா உங்களுக்கும் அப்படித்தான் கேட்டுச்சான்னு பாக்குறேன். 'யாரு, சோலையப்பன் அண்ணனா'ங்குறா. அப்படித்தானே? வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அவ உள்ள இருக்கா. வெளிய இருக்கிறது நான் ஒருத்தன். தட்டினது நானா இருக்கும்னு அவளுக்குத் தோணவே இல்ல பாருங்க. ஏன் தோணும்? நான் எப்பத் தட்டினேன்?

ஆசாரி, எனக்கு ஒரு மாதிரி வருது. இல்ல இல்ல, தண்ணி வேண்டாம். 'இருங்கண்ணே, இந்தா வந்துட்டேன்'ங்குறா. அந்தக் குரலைக் கேட்டீங்கள்ல? எவ்வளவு சந்தோஷமா இருக்கு. நம்மகிட்ட அந்தக் குரல் வந்து எத்தனை வருஷமாச்சு. வெக்கமா இருக்குங்க. உங்க முன்னாடி சொல்றதுக்கென்ன, வெக்கமாத்தான் இருக்கு. கதவைத் திறந்து, தட்டினது நான்னு பாத்தா அந்த மூஞ்சி என்ன ஆகும்? எனக்கு அதைப் பாக்கப் பயமா இருக்கு.

கட்டில் சத்தம். எந்திரிச்சுட்டா. அந்தத் திருப்புளியைப் பைக்குள்ள வைங்க. வைங்கய்யா, சீக்கிரம்! கேட்டா, சின்ன ரூமுக்குக் கதவு அளவெடுக்க வந்தேன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொல்லிருவீங்களோ? இல்ல, நம்புறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருவீங்கள்ல? பேரப்பிள்ளை வருது. என் டேப்பு வேண்டாம், உங்களுதையே எடுங்க. மேல, நடுவுல, கீழ, மூணு இடத்துலயும் அளங்க. தாழ்ப்பாளா? உள்பக்கம். ஆமாய்யா, உள்பக்கம்தான்.